தவக்காலத்தில் நான் விட்ட சாஃப்ட்வேர்

2016ஆம் ஆண்டு பொங்கல் முடிந்த வாரம், திண்டிவனத்தில் நான் பதினாறு வருடம் வேலை பார்த்த கல்யாண வீடியோ ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். எனக்கு வயது நாற்பத்து மூன்று. விழுப்புரம் வரை போய்க் கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: "அனிமேஷன் தெரிஞ்ச ஆளுதான் வேணும் சார்."

அப்போதுதான் இணையவழி அனிமேஷன் வகுப்பு ஒன்று கண்ணில் பட்டது. நல்லபடியாக முடிப்பவர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை தருவதாகச் சொன்னார்கள். சந்தோஷமாகச் சேர்ந்தேன். முதல் வகுப்பிலேயே ஆசிரியர் தலையில் கல்லைப் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும் சாஃப்ட்வேர் கிடையாதாம். எல்லோரும் வேறொன்றுக்கு மாற வேண்டுமாம். அதைத் திறந்தால் எனக்குக் கண்ணைக் கட்டியது. பழையதில் ஒரு படத்தை நகர்த்த நான் அழுத்தும் எழுத்து, புதியதில் அந்தப் படத்தையே அழித்துவிடும்.

பதினாறு வருட அனுபவஸ்தன் ஆயிற்றே, ஒருவரிடம் போய்க் கேட்க முடியுமா? திருட்டுத்தனம் செய்தேன். வீட்டுப்பாடத்தைப் பழைய சாஃப்ட்வேரில் முடித்து, வீடியோவை மட்டும் அனுப்பினேன். ஒரு பந்து குதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியர் எல்லோர் முன்னும் புகழ்ந்தார். பிறகு, "ஃபைலைத் திறந்து காட்டுங்க சார், எப்படிச் செஞ்சீங்கன்னு எல்லாரும் பாக்கட்டும்" என்றார். புதிய சாஃப்ட்வேரில் திறக்க என்னிடம் எந்த ஃபைலும் இல்லை; குட்டு உடைந்தது. இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் என் மகன் வயது. ஆசிரியர், ஈஸ்டருக்குள் எல்லாப் பாடத்தையும் புதியதில் செய்து அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வகுப்பை விட்டுப் போக வேண்டும் என்றார். அவமானத்தில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் விபூதிப் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் நாள். நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து, இந்தத் தவக்காலம் முழுக்கக் கறி சாப்பிட மாட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். என் மனைவி மரியா சிரித்துவிட்டாள்.

"கறிய உட்டா உங்களுக்கு இன்னா வலிக்கப் போவுது? கம்ப்யூட்டர்ல பழசு ஒண்ண வச்சிக்கினு பொய் சொன்னீங்களே, அத்த உடுங்க பாக்கலாம்."

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அன்றே பழைய சாஃப்ட்வேரைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டேன். அதன் சிடியை பீரோவில் வைத்தேன். குப்பையில் போட மனசு வரவில்லை.

பிடித்ததை விட்டு இருக்கும் ஒறுத்தல் என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது வாரம், மூன்று நாள் உழைத்துச் செய்த நடக்கும் மனிதனை, பழக்க தோஷத்தில் ஒரே அழுத்தில் அழித்தேன். பதற்றத்தில் அப்படியே சேமித்தும் விட்டேன். அந்த வெள்ளிக்கிழமை கோவிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போகும் முன் பீரோவைத் திறந்து சிடியைக் கையில் எடுத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், திரும்பி வந்ததும் போட்டுவிடுவது என்றுதான் இருந்தேன்.

சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளில் ஒன்பதாம் நிலையில், இயேசு மூன்றாம் முறை விழுகிற இடத்தில், முழங்காலிட்டவனுக்கு எழுந்திருக்க முடியவில்லை. அதுவரை வேலை கொடும், வழி காட்டும் என்றுதான் கேட்டிருந்தேன். அன்று வேறு மாதிரி வாயில் வந்தது. "ஆண்டவரே, எல்லாம் தெரிந்தவன் என்கிற இந்த எண்ணத்தை என்னிடமிருந்து எடுத்துவிடும்." அழுதேன். வீட்டுக்கு வந்து சிடியைத் திரும்ப பீரோவிலேயே வைத்தேன்.

மறுநாள் காலை ஒரு போன் வந்தது. எங்கள் வகுப்பில் படிக்கும் செல்வி, பொம்மையார்பாளையத்து மீனவர் வீட்டுப் பெண். இந்த வகுப்புக்கு முன் கணினியைத் தொட்டதே இல்லை என்று முதல் நாள் சொன்னவள்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கி உங்க பந்து நெசமாவே தரையில வுழுந்துச்சு. நான் பண்ணா பலூன் மாதிரி பறக்குது. பட்டன் எல்லாம் எனக்கு அத்துப்படி. கனம்தான் வரமாட்டுது. சொல்லித் தரீங்களாண்ணா?"

"எனக்கு பட்டன்தாம்மா வரல. நீ சொல்லிக் குடு" என்றேன். பதினாறு வருடத்தில் நான் ஒருவரிடம் கேட்ட முதல் உதவி அது.

அதன்பின் தினமும் காலையில், அவள் அப்பா கடலிலிருந்து வந்து வலை வேலை முடிந்ததும், போனிலேயே பாடம் நடந்தது. அவள் எனக்கு ஆசிரியை, நான் அவளுக்கு. ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை இருவரும் எல்லாப் பாடங்களையும் அனுப்பினோம். ஆசிரியரிடம் வகுப்பிலேயே மன்னிப்பும் கேட்டேன். அவர் என் ஃபைலைத் திறந்து ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துவிட்டு, "இது உங்க கை வேலைதான்" என்றார்.

ஈஸ்டர் மறுநாள் மரியா சிடியை எடுத்து நீட்டினாள். "நோன்புதான் முடிஞ்சிடுச்சே, போட்டுக்கினா இன்னா?" போட்டேன். பத்து நிமிடம் தடுமாறினேன். என் கை புதியதன் எழுத்துகளையே அழுத்தியது. எந்த நாளில் அது மாறியதென்று எனக்குத் தெரியவே தெரியாது.

அந்த ஜூன் மாதமே எனக்கும் செல்விக்கும் குழந்தைகளுக்கான பாடங்களை அனிமேஷன் செய்யும் வேலை கிடைத்தது. இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறோம். ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடியாது.

அன்பானவர்களே, கொடும் கொடும் என்று கேட்டுக் களைத்திருந்தால், எடுத்துக்கொள்ளும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பயமாகத்தான் இருக்கும். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேளுங்கள்.