பெரியப்பா உட்கார்ந்த படி

அணைந்து கிடந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு உங்கள் பெரியப்பா பேசிக்கொண்டிருந்தார். திண்டுக்கல் மலைக்கோட்டையில், பாதி ஏற்றத்தில், பாறையில் வெட்டிய படியொன்றில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ரயிலுக்கு நேரமிருந்ததால் கோட்டையைப் பார்க்கக் கிளம்பியிருந்தோம். "நீங்க போய்க்கினே இருங்க, ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்றார். போனில் வெளிச்சமே இல்லை. அதைப் பார்த்தும் நான் சும்மா இருக்கவில்லை. "இன்னா சகல, நாள் பூரா கரி அள்ளிப் போடற ஆளு, வெறுங்கையோட ஏற முடியலியா? தோ பாரு, அந்தம்மா கொழந்தைய இடுப்புல வெச்சுகினு ஏறுது!" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "நீ மொதல்ல உன் தொப்பைய இஸ்துகினு ஏறுடா" என்று எழுந்துவிட்டார்.

எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி யார்டில் நானும் அவரும் ஒரே கேங். அங்கே எல்லோரும் இருமுவோம். அதனால் இருமலை யாரும் நோயாக நினைத்ததில்லை. வேலைக்கு வராதவன்தான் சீக்காளி. எங்கள் பக்கம் கடலோரத் தட்டைத் தரை, ஏறிப் பார்க்க ஒரு மேடு கிடையாது. யாருக்கு எவ்வளவு மூச்சு மிச்சமிருக்கிறது என்று தெரியவே வழியில்லை.

உச்சியில் பழைய பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று ஊரைப் பார்த்தார். கீழே ஒவ்வொரு வீடும் தெளிவாகத் தெரிந்தது. "நம்ம ஊர... இப்டி மேலேந்து பாத்தா... பொகதான் தெரியும், இல்ல?" என்றார். உதடு கறுத்திருந்தது. அப்படியே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கி இறக்கினோம். ஆஸ்பத்திரியில்தான் பெரியம்மா சொன்னார், ஒரு வருடம் முன்பே எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டதாம். வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறார். "அத்தினி பேரு எதிர்ல கிண்டல் பண்ணா, அவரு ஏறாம இன்னா பண்ணுவாரு?" என்று என்னைக் கேட்டார். அடுத்த மழைக்காலத்துக்குப் பெரியப்பா இல்லை. அன்றைக்கு ஏறாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

பிள்ளைகளே, போன மாதம் நீங்கள் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போகச் சொன்னபோது லீவு இல்லை என்றேன். லீவு இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் முன்னால் ஓடிவிட்டு, அப்பாவைக் காணோமே என்று திரும்பிப் பார்ப்பீர்கள். அதற்குத்தான் பயந்தேன். இதை எழுதி முடித்ததும் உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிடப் போகிறேன். அவள் படித்துவிட்டால் அப்புறம் நான் மறைக்க முடியாது.