ஏழாம் எண் பெட்டி

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். போன ஐப்பசியில் பென்னாகரத்தில், என் கடையில், பட்டப்பகலில் நடந்தது இது. பேய் என்றால் நடுராத்திரி, மல்லிகைப்பூ வாசம், சலங்கைச் சத்தம் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவீர்கள். எனக்கு எல்லாமே மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் நடந்தது.

என் பெயர் வீரமணி. ஸ்டிக்கர், பிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். முன்னால் கடை, பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் கட்டில் அகலத்துக்கு ஒரு முற்றம். அம்மா போன பிறகு அங்கே நான் மட்டும்தான். போன் நாள் முழுக்க அடிக்கும். "பேனர் ரெடியாங்க?" "காதுகுத்து போட்டோ அனுப்பிருக்கேன், பாருங்க." அவ்வளவுதான். நான் சாப்பிட்டேனா என்று கேட்க ஆள் கிடையாது. அது உறைக்காத மாதிரி சிரித்துப் பேசித் திரிவேன். ஆனால் உறைக்கும்.

புரட்டாசியில் நவநீதன் வந்தான். ஏரியூர்ப் பையன், பெங்களூரில் வேலை. ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னான். ஒரு டப்பாவைப் பாறை இடுக்கிலோ மரப்பொந்திலோ ஒளித்துவிட்டு, இடத்தை மட்டும் இணையத்தில் போடுவார்களாம். மற்றவர்கள் போனில் வழி பார்த்துத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒகேனக்கல் போகிற வழியில் பன்னிரண்டு டப்பா வைக்கப் போவதாகச் சொன்னான். வெயில், மழை, அருவிச் சாரல் எதற்கும் அசையாத லேபிள் வேண்டும் என்று டப்பாக்களையும் கொடுத்தான்.

எனக்கு ஆசையாகிவிட்டது. தண்ணீர் ஏறாத வினைல் ஒட்டுத்தாளில் அடித்து, மேலே லேமினேஷன் போட்டேன். மூலைகளை வளைத்து வெட்டினேன். கூர்மையாக விட்டால் அங்கேதான் முதலில் உரியும். "விளையாட்டுப் பெட்டி. ஆபத்தில்லை." கீழே பெட்டியின் எண். ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துப் பயந்தால் கூப்பிட, நவநீதன் சொன்னபடி, என் போன் நம்பர். அப்படியாவது யாராவது கூப்பிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. சொல்வதற்கு என்ன வெட்கம்?

லேபிள் தாங்குமா என்று பார்க்க, ஒட்டிய பெட்டி ஒன்றில் கல்லைக் கட்டி முற்றத்துத் தண்ணீர் டிரம்மில் முழுக்கி, மூடி போட்டு மேலேயும் ஒரு கல்லை வைத்தேன். மற்ற பதினொன்றையும் நவநீதன் வாங்கிக்கொண்டு போனான்.

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் மதியம் ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது. திரையில் நம்பர் வரவில்லை.

"இங்க ஒரு பெட்டி இருக்குதுங்க." பெண் குரல். பின்னால் தண்ணீர்ச் சத்தம். ளொப்... ளொப்...

"எத்தனாவது நம்பருங்க?"

"ஏழு."

"எழுத்து அழிஞ்சிருக்குதுங்களா?"

"இல்லீங்க. நல்லா தெரியுது." பிறகு கேட்டாள். "சாப்டீங்களா?"

"இனிமேதாங்க" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன சாப்பாட்டை எடுத்து வைத்தேன்.

மறுநாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டாள். அதற்கடுத்த நாளும். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார ஆரம்பித்தேன். அருவிப் பக்கம் மீன் வறுக்கிற கடையில் வேலை செய்பவளாக இருக்கும் என்று நானே ஒரு முகத்தைக் கற்பனை செய்துகொண்டேன். அவள் அதிகம் பேசமாட்டாள். "யாரும் வரலைங்க. நான் மட்டுந்தான் இருக்கறேன்" என்பாள்.

ஒரு நாள், "குளிருதுங்க" என்றாள். அன்று வெளியே வெயில் கொளுத்தியது.

நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று நவநீதனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, ஏழாம் நம்பர எங்க வெச்ச?"

"அது உங்ககிட்டதாங்ண்ணா இருக்குது. டெஸ்ட் பண்றேன்னு வெச்சுக்கிட்டீங்களே? மத்த பதினொண்ணுதான் நான் வெச்சேன்."

கைக்கு வந்த பெட்டியை எடுத்து முழுக்கியிருந்தேன். எண்ணைப் பார்க்கவே இல்லை.

முற்றத்துக்குப் போனேன். டிரம் மூடியபடியே இருந்தது. மூடிமேல் வைத்த கல்லும் அப்படியே இருந்தது.

போன் அடித்தது.

எடுத்தேன். ளொப்... ளொப்...

ஒரு காதில் போனிலிருந்து கேட்டது. இன்னொரு காதில்... டிரம்மிலிருந்து.

கல்லை நகர்த்தினேன். மூடியை விரல் அளவு தூக்கினேன்.

"வெளிச்சம் வருதுங்க..." என்றாள்.

ஓடினேன்.

சாயங்காலம் எதிர் டீக்கடைக்காரர் தீர்த்தகிரியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். இருவருமாக டிரம்மைக் கவிழ்த்தோம். தண்ணீர், கல், பெட்டி. வேறொன்றுமில்லை.

"தனியா கெடந்தா இப்படித்தாங்க தோணும். ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பெட்டியைத் துடைத்து விளக்கடியில் பிடித்தேன். லேபிள் அருமையாக இருந்தது. ஓர் எழுத்துகூட மங்கவில்லை. எண் ஏழு.

ஆனால் போன் நம்பர் இல்லை.

அழியவில்லை... நான் அடிக்கவே இல்லை. நம்பர் போடலாம் என்று நவநீதன் சொன்னதே இதை முழுக்கிய மறுநாள்தான். மற்ற பதினொன்றையும் உரித்துவிட்டு, நம்பரோடு புதிதாக அடித்து ஒட்டினேன். தண்ணீருக்குள் கிடந்ததை மறந்தே போனேன்.

அப்படியென்றால் என் நம்பர் அவளுக்கு எப்படி...

தூக்கி எறியத்தான் வாசல் வரை கொண்டுபோனேன். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. திரும்பி வந்து, டிரம்மில் தண்ணீர் நிரப்பி, கல்லைக் கட்டிப் பெட்டியை உள்ளே இறக்கினேன்.

எனக்கு வேறு யார் கூப்பிடுகிறார்கள்?