ஜீப்புக்கு வைத்த வண்டி மை

போன மாதம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் ரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட்டில், ஜீப்பின் அடியிலிருந்து கழற்றிய ஒரு ரப்பர் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

ஜீப் என் மருமகனுடையது. தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலைக்குப் போகிறவர், ஆசைப்பட்டு இந்தப் பழைய ஜீப்பை வாங்கி வைத்திருக்கிறார். நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப். பள்ளத்தில் இறங்கினால் அடியில் டொக் டொக்கென்று அடித்தது. அடியில் இருக்கிற ரப்பர் புஷ் மாற்ற வேண்டும் என்று ஷெட்டுக்குக் கொண்டுபோனார், நானும் கூடப் போயிருந்தேன். மெக்கானிக் பழைய புஷ்ஷை உருவிக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்திய இடம் அப்படியே உள்ளே போயிற்று.

"இன்னா சார் இது, ரப்பருக்குப் போயி ஆயில் உட்டுகிறாங்க? மின்ன வெச்சிருந்தவரு வேலையா?" என்று கேட்டபடி அதை என் கையில் போட்டார்.

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மருமகன் வெயில் தாக்கிவிட்டதென்று பயந்து சோடா வாங்க ஓடினார். வெயிலால் இல்லை. நான் பாவாடை கட்டிக்கொண்டிருந்த காலத்துப் பகல் ஒன்று வந்து எதிரே நின்றுவிட்டது, அவ்வளவுதான். நான் மூன்றாவதோடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். இருந்தாலும் இதை நானேதான் எழுத வேண்டும். வேறு யாராவது எழுதினால் எங்கள் ஜீப்பைக் குறைத்து எழுதிவிடுவார்கள்.

பெரியபாளையத்துக்கு வடக்கே எங்கள் ஊர். ஊருக்கு முதல் ஜீப் எங்கள் வீட்டு ஜீப்தான். ஊரே நைனா என்று கூப்பிடும் எங்கள் அப்பா அதைச் சர்க்கார் ஏலத்தில் எடுத்து வந்தார். கொட்டகையில் ஒரு பக்கம் மாட்டுவண்டி, இன்னொரு பக்கம் ஜீப். காலையில் எழுந்ததும் நைனா முதலில் ஜீப்பின் முகத்தில்தான் விழிப்பார். சாமி படம் அதற்கப்புறம்.

அக்காவுக்கு ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நிலம் உள்ள குடும்பம். அவர்கள் சீராகக் கேட்டது இந்த ஜீப்பை. நைனா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, ஜீப் பெண்ணோடு போனால் அந்நியர் வீட்டுக்கா போகிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு சம்மதித்தார்.

பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் இறங்கியதும் வீட்டுக்குள் வரவில்லை. நேரே கொட்டகைக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் அப்பா சலவை மடிப்புக் கலையாத வேட்டியோடு, மேல்துண்டைத் தரையில் விரித்து மல்லாக்கப் படுத்து, ஜீப்பின் அடியில் தலையை விட்டார். எனக்கு அதிர்ச்சியாகிவிட்டது. பெண் பார்ப்பதென்றால் இப்படித்தான் போலிருக்கிறது, அக்கா வீட்டுக்குள் இருக்கிறாள் என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று நினைத்தேன்.

கடைசியில் அக்காதான் காபித் தட்டோடு கொட்டகைக்கு வந்தாள். பட்டுப்புடவை கட்டி, சாணித் தரையில் நின்றாள். தம்ளர்களை யாரும் எடுக்கவில்லை. காபியில் ஆடை படிவதை நான் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளை அன்று பேசியது ஒரே வார்த்தை. அதையும் நைனாவிடம்தான் பேசினார்.

"முன் சக்கரமும் இழுக்குமா?"

அவருடைய அப்பா அடியிலிருந்து வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டார். "கமான் பட்டைல புஷ்ஷு எல்லாம் பூட்ச்சி. வண்டி ஆட்டம் குடுக்கும். இத்த மாத்தி வெய்ங்க. நடவு முடிஞ்சி வர்றோம், ஓட்டிப் பாக்கறோம். நல்லா ஓட்ச்சின்னா அன்னிக்கே நாள் குறிச்சிடலாம்."

நைனா தயங்கி, "பொண்ணு..." என்றார். "பொண்ணுக்கு இன்னா, அது நல்லாதான் கீது" என்று அவர் சொன்னார். அப்போதும் அவர் கண் டயரின் மேல்தான் இருந்தது.

அக்கா தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். ஆறிப்போன காபியை முழுக்கச் சாக்கடையில் ஊற்றினாள். நான் கேட்டும் தரவில்லை.

அடுத்த வாரமே செங்குன்றத்திலிருந்து மெக்கானிக் பாய் வந்து இறங்கினார். ஜீப்பை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை அண்டைகொடுத்தார். ஜீப்பின் பாரமெல்லாம் வில்லாக வளைந்த கமான் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டையின் நுனியை வளையமாகச் சுருட்டியிருப்பார்கள். அந்த வளையத்துக்குள் ரப்பர் புஷ், புஷ்ஷுக்குள் போல்ட்டு. ரப்பர் தேய்ந்துபோனால் இரும்போடு இரும்பு இடிக்கும், வண்டி ஸ்டீரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. பாய் இதையெல்லாம் எனக்குக் காட்டிக்காட்டிச் சொன்னார். அவ்வளவு பெரிய ஜீப் இந்தச் சின்ன ரப்பரை நம்பி இருக்கிறதென்று கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

பழைய ரப்பரைத் தீ வைத்துப் பொசுக்கி எடுத்தார். புதியது வளையத்துக்குள் போக அடம்பிடித்தது. அம்மா பார்த்தாள். உள்ளே போய் வண்டி மை இருந்த கொட்டாங்குச்சியை எடுத்துவந்து நீட்டினாள். வைக்கோலைக் கரியாக்கி, கழனி இன்ஜினில் வடித்த பழைய ஆயிலில் குழைத்த மை அது. மாட்டுவண்டி அச்சுக்கு அதைத்தான் போடுவோம். எங்கள் ஊரில் எது கிறீச்சிட்டாலும், எது இறுகினாலும் அதற்கு மருந்து அந்த மைதான்.

பாய் அலறிவிட்டார். "யம்மா, அத்தத் தூரமா கொண்டுபோ! மாட்டுவண்டிக்கு அது உசுரு, ரப்பருக்கு வெசம். பட்டுதுன்னா ரப்பரு ஊறி அல்வா கணக்கா பூடும். ஒரு கிண்ணத்துல சவுக்காரத் தண்ணி குடு, போதும்."

அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அக்கா சோப்பைக் கரைத்த அந்தச் சவுக்காரத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து, வேலை முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் தொட்டு வைத்ததும் புஷ் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. ஜீப்பைத் தரையில் இறக்கி, அதன் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் பாய் நட்டுகளை முறுக்கினார். நைனா ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சத்தமே இல்லை.

அன்றிலிருந்து அம்மா ஜீப்புக்குக் காவல்காரி மாதிரி ஆகிவிட்டாள். எங்கள் மாட்டுவண்டி ஓட்டுகிற பெரியவரிடம் தினமும், "அண்ணே, வண்டிய வெளிய இஸ்துக்கினு போயி மை போடு. ஜீப்பாண்ட எண்ணெயே ஆவாது" என்பாள். நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனால்கூட அதட்டுவாள்.

நடவு நடந்த அந்த நாட்களில் மத்தியான வேளையில் எல்லாரும் கழனியில் இருப்பார்கள். அக்கா கொட்டாங்குச்சியோடு கொட்டகைக்குள் போவாள். ஒருநாள், எங்கே போகிறாய் என்று கேட்டேன். "கதவு கிறீச்சுங்குது, கீலுக்கு மை வெக்கறேன்" என்றாள். விரல் நுனியெல்லாம் கறுப்பாகத் திரும்பி வருவாள். தினம் தினம் அவ்வளவு மை வைத்தும் அந்தக் கதவு கிறீச்சிட்டுக்கொண்டேதான் இருந்தது. அது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

நடவு முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நைனா, செய்த வேலைக்குச் சாட்சியாகப் பாயையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா தானே ஓட்டுவேன் என்று ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் நைனா, பின்னால் மாப்பிள்ளை. பெண்களெல்லாம் களத்து மேட்டில் நின்று பார்த்தோம்.

ஜீப் ஏரிக்கரைப் பாதையில் போனது. போகும்போதே டொக்கென்று ஒரு சத்தம். கரை வளைந்தது, ஜீப் வளையவில்லை. பிரேக் போட்டாரோ என்னவோ, ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு ஆடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையை விட்டு இறங்கி, நட்ட எங்கள் கழனிக்குள் போய்ச் சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது.

அக்கா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "நைனா" என்று கத்திக்கொண்டு பட்டுப்புடவையோடு வரப்பில் ஓடினாள், விழுந்தாள், எழுந்து மறுபடி ஓடினாள். அவ்வளவு பயத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

யாருக்கும் பெரிதாக அடியில்லை. சேறு காப்பாற்றிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கண் எது, வாய் எது என்று தெரியாத அளவுக்குச் சேறு. நைனா அந்த நிலையிலும் விடவில்லை. ஸ்டீரிங்கில் உட்கார்ந்து, முன் சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும் கியரைப் போட்டார். நான்கு சக்கரமும் சுற்றின. நான்கும் இன்னும் ஆழமாக இறங்கின. வண்டிக்காரப் பெரியவர்தான் மாடுகளை ஓட்டிவந்து கயிறு கட்டி ஜீப்பைக் களத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

பாய் சாப்பிட்ட கையைக்கூட சரியாகக் கழுவாமல் ஜீப்பின் அடியில் புகுந்தார். வெளியே வந்தபோது அவர் உள்ளங்கையில் கறுப்பாக, கொழகொழவென்று எதுவோ இருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"நைனா, இது சேறில்ல. வண்டி மை. எல்லாப் புஷ்ஷுலயும் தடவிகீது. ஒரு நாள் வெச்ச மையில்ல இது."

நைனா பெரியவர் மேல் பாய்ந்தார். "நீதான? மாட்டுவண்டி புத்தி எங்க போவும்! இனிமே என் களத்துல கால வெச்ச..."

"அம்மன் சத்தியமா நானில்ல நைனா" என்று பெரியவர் நடுங்கினார். அவருக்கு எங்கள் வீட்டை விட்டால் வேறு பிழைப்பில்லை. அக்கா வாயைத் திறந்தாள், உதடு ஆடியதே தவிரக் குரல் வரவில்லை. எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. அக்காதான் தினமும் கொட்டகைக் கதவுக்கு மை வைத்தாளே, மை வைத்தவனை அவள் பார்த்திருப்பாள், அவளைக் கேளுங்கள் என்று சொல்ல வந்தேன். "அக்கா" என்று ஆரம்பித்ததும் அம்மா என் தொடையில் கிள்ளினாள் பாருங்கள், அப்படி ஒரு கிள்ளல் நான் பட்டதேயில்லை.

"அவர உடுங்க" என்றாள் அம்மா. "நான்தான் வெச்சேன். கிறீச்சுனு ஒரு சத்தம் கேட்டுச்சி. வண்டிதானன்னு வெச்சேன். எனுக்கு இன்னா தெரியும்?"

நைனா அப்படியே களத்தில் உட்கார்ந்துவிட்டார். பாய் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தவர், வாயை மூடிக்கொண்டு கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

மாப்பிள்ளையின் அப்பா சேற்றைத் துப்பிவிட்டு, "அம்மாக்காரியே இப்டின்னா, இவ வளத்த பொண்ணு எங்க ஊட்டுக்கு வந்து இன்னா இன்னாத்துக்கு மை வெப்பாளோ! வேணாம் சாமி" என்று கும்பிடு போட்டார். கைகாலைக்கூட கழுவாமல் கிளம்பிப் போனார்கள்.

அதற்கப்புறம் நைனா உயிரோடு இருந்த வரைக்கும், வீட்டில் எந்தக் கதவு சத்தம் போட்டாலும், "கூப்டு உங்கம்மாள, மை வெக்கட்டும்" என்பார். உறவு ஜனமெல்லாம் சிரிக்கும். அம்மா ஒரு நாளும் பதில் பேசியதில்லை. சில வருஷம் கழித்து அக்காவைப் பார்க்கக் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒருவர் பஸ்ஸில் வந்தார். கொட்டகை எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை. காபியைச் சூடாகக் குடித்தார். அவரைத்தான் அக்கா கட்டிக்கொண்டாள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? என்னை உலுக்கியது ஜீப் கழனிக்குள் பாய்ந்ததுகூட இல்லை, அம்மா சொன்ன வார்த்தைதான். எனக்கு இன்னா தெரியும் என்கிறாளே! ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்று ஊருக்கே சொன்னவள் இவள். பொய் சொன்னால் வாயில் மிளகாய் வைப்பேன் என்கிறவள், பொய் சொல்ல மாட்டாள். அப்படியென்றால் ஒன்றுதான் மிச்சம். அம்மாவுக்குப் புத்தி பிசகி எல்லாம் மறந்துபோய்விட்டது. நான் பயந்து சோறு இறங்காமல் கிடந்தேன். தினமும் காலையில் எழுந்து, "யம்மா, என் பேரு இன்னா?" என்று கேட்டுப் பார்ப்பேன். சரியாகத்தான் சொல்லுவாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆடி பிறந்ததும் நைனா பிழைத்ததற்காக அக்கா வேண்டிக்கொண்டாள் என்று பெரியபாளையத்துக்குப் போனோம். அக்கா வேப்பிலைச் சேலை கட்டிக் கோயிலைச் சுற்றினாள். நைனா எதிரே வந்தவர்களிடமெல்லாம், "கல்யாணம் நின்ன துக்கத்துலயும் அப்பனுக்காக வேண்டிக்கினு சுத்துது பாருங்க என் பொண்ணு" என்று கண் கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுற்றி முடித்துச் சன்னிதிக்கு வந்ததும் நான் கையைத் தூக்கிக் கும்பிட்டு, அம்மனுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டேன். "தாயே, எங்கம்மாவுக்கு மறதி வந்துட்ச்சி. ரப்பருக்கு எண்ணெய் ஆவாதுன்றத அவங்களுக்கு மறுபடியும் ஞாபகப்படுத்து."

அதைக் கேட்டதும் அக்கா வேப்பிலையோடு அப்படியே மடிந்து விழுந்து, அம்மாவின் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அம்மா குனிந்து அவளைத் தூக்கினாள். தூக்கும்போது அம்மா சிரித்தாள். கோயில் நடுவில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், கண்ணில் தண்ணீர் ஒழுகச் சிரித்தாள்.

அவசரமாக மறுபடியும் அம்மன் பக்கம் திரும்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அக்காவையும் சேர்த்துப் பார்த்துக்கொள் தாயே, அவளுக்கும் ஆரம்பித்துவிட்டது என்று வேண்டிக்கொண்டேன்.