மாமியார் அணைத்துக்கொண்ட காந்தத் தட்டு

காலை பத்தே கால் மணிக்கு எங்கள் மந்தைவெளி வீட்டுக் கூடத்துக்கு நான் வந்தபோது, மாமியார் என் காந்தத் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். நான் விற்பதற்காகக் கூடத்தில் வாழ்த்து அட்டை வெட்டும் இயந்திரத்தில் உலோக அச்சுகளை நகராமல் பிடித்துக்கொள்ளும் தட்டு அது.

“கொலு வைக்கற இடத்துல உன் கடையா? இதைக் குப்பைல போடறேன் பார்!”

“அம்மா, அது காந்தம். உங்க நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கு, கீழே வச்சுடுங்கோ!”

“ஓ, என்னைச் சாகடிக்கத்தான் வாங்கிண்டு வந்தியா?” என்று இன்னும் இறுக்கிக்கொண்டார்.

விரல்களைப் பிரித்துத் தட்டைப் பிடுங்கினேன். அன்றே பரிசோதித்த மருத்துவர், பேஸ்மேக்கருக்குப் பாதிப்பில்லை என்றார்.

இப்போது தட்டை மாடி அறையில் பூட்டி வைத்து, அங்கேயே அட்டை வெட்டுகிறேன். மருமகள் தன் விரலை முறுக்கினாள் என்று மாமியார் உறவினர்களிடம் சொல்லிவருகிறார்.