தரைக்கும் இடுப்புக்கும் நடுவே

நர்ஸ் கடைக்காரரைத் தரையில் படுக்கச் சொன்னாள்.

மலையேறுகிறவர்களுக்கான சாமான் விற்கும் கடை அது. அவர் அங்கே நிற்கத் தொடங்கிப் பதினோரு வருடமாகிறது. வந்தவர்கள் ஃபோம் படுக்கை மேட்டை விரித்துப் படுத்துப் பார்த்திருக்கிறார்கள், உருண்டு பார்த்திருக்கிறார்கள், ஒருவர் குறட்டையே விட்டிருக்கிறார். அவரைப் படுக்கச் சொன்னவர் யாரும் இல்லை.

"நானா?"

"ஆமா சார். ஒருக்களிச்சுப் படுங்க. முட்டியை லேசா மடக்கிக்குங்க. உடம்பை விறைப்பா வெச்சுக்காதீங்க."

மறுத்துப் பழகாதவர்களிடம் பேசிப் பழகிய குரல். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் படுத்தார். நர்ஸ் மண்டியிட்டாள். மேட்டுக்கு அடியில் கையை நுழைத்து, அவருடைய இடுப்பெலும்புக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னங்க தெரியுது?" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி.

"உங்க எலும்பு."

அது ஆஸ்பத்திரியில் செய்கிற சோதனை. நகர முடியாமல் கிடக்கும் நோயாளியின் மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பார்கள். எலும்புக்கும் கைக்கும் நடுவே ஒரு அங்குல ஃபோமாவது நசுங்காமல் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் தோல் சிவக்கும், சிவந்தது புண்ணாகும். பத்தொன்பது வருடமாக இரவுப் பணி பார்க்கிறவளின் கைக்கு ஒரு அங்குலம் என்ன என்பதைச் சொல்ல அளவுகோல் தேவையில்லை.

"இதுல அரை அங்குலம்கூட இல்லையே சார்."

"நான் எண்பத்தாறு கிலோம்மா. நீங்க என்னை வெச்சுப் பாத்தா?"

அதுவும் நியாயம்தான். ஆனால் தன் இடுப்புக்கு அடியில் தானே கையைக் கொடுத்துப் பார்க்க முடியாது. அவர் கையைக் கேட்கவும் முடியாது. இருவருக்கும் அது ஒரே நேரத்தில் உறைத்தது. அவர் எழுந்து அவசரமாக அலமாரிப் பக்கம் போனார்.

அங்கே இரண்டு ஜாதி இருந்தது. ஒன்று மெல்லியது, முட்டை அட்டைபோலக் குழி குழியாக, விசிறிமாதிரி மடங்குவது. நானூறு கிராம். "இதுக்குள்ள இருக்கிற குமிழி ஒவ்வொண்ணும் தனித்தனியா மூடி இருக்கும். தண்ணி குடிக்காது. தரையோட குளிர் மேல வராது" என்றார். இன்னொன்று தடித்த ஸ்பாஞ்ச். தொட்டால் விரல் உள்ளே போய்த் தங்கும். ஆயிரத்து முந்நூறு கிராம். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துண்டு வெட்டித் தந்தார். அவள் அங்கேயே தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து துண்டுகளின்மேல் ஊற்றினாள். மெல்லியதின் மேல் தண்ணீர் முத்துமுத்தாக நின்றது. தடித்தது ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது.

"ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோங்க. ஒரு வாரத்துல ஒண்ணைத் திருப்பிக் கொடுங்க. நனைச்சுடாதீங்க, அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். இனி யாரையும் படுக்கச் சொல்லாமல் அவள் போனால் போதும் என்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

இவ்வளவும் நாத்தனாருக்காக. கணவனின் அக்கா பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வருடத்துக்கு ஒருமுறை ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு மலைப்பாதையில் மூன்று இரவு தங்கி நடந்துவிட்டு வருவாள். நான்கு வருடமாக நர்ஸ் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தாள். இடம் இருந்தால் லீவு கிடைக்காது, லீவு கிடைத்தால் இடம் இருக்காது. இந்த முறை இரண்டும் சேர்ந்து வந்தன.

நாத்தனார் இரண்டே நிபந்தனைதான் போட்டாள். பை எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. தரையில் படுத்துத் தூங்கத் தெரிய வேண்டும். "போன தடவை ஒருத்தி மூணு ராத்திரியும் தூங்கல. நாலாம் நாள் பாதையிலயே உக்காந்து அழுதா. அவ பையையும் அவளையும் சேர்த்து நான்தான் இறக்கிட்டு வந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாப்பேன். சரிப்படலேன்னா உன் இடத்துக்கு வேற ஆள் இருக்கு."

நர்ஸுக்கு மலை உச்சிமேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. காலைகள்தான் வேண்டும். பத்தொன்பது வருடமாக அவள் பார்த்த காலையெல்லாம் பேருந்துக் கண்ணாடிக்குப் பின்னால், இமை சொருகும்போது, ஒரு வேலையின் வாலாக வந்தவை. ஒரு நாள் தொடங்குவதை அதன் தலைப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

வீட்டில் கணவன்தான் கையைக் கொடுத்தான். பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளன். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுகிறவன். மெல்லிய மேட்டில் அவள் ஒருக்களித்துப் படுக்க, அவன் அடியில் கையை விட்டான்.

"என்ன தெரியுது?"

"விரல் நசுங்குது."

"எவ்வளவு இடைவெளி?"

"இடைவெளியா? இன்னும் கொஞ்சம் போனா என் கைக்குக் கட்டுப் போடணும்."

தடித்த மேட்டில் ஒரு அங்குலத்துக்கும் மேலேயே இருந்தது. ஆஸ்பத்திரிக் கணக்குப்படி அதுதான் தேறியது. ஆனால் அதோடு பையைத் தராசில் தூக்கினால் எட்டு கிலோ எண்ணூறு. இரண்டாவது ஸ்வெட்டரை எடுத்தாள். சீப்பை எடுத்தாள். எட்டு கிலோ ஐந்நூறு.

"டூத் பிரஷ்ஷைப் பாதியா வெட்டிடலாம்" என்றான் அவன், கிண்டலாக.

"வெட்டியாச்சு."

அதற்குமேல் எடுக்கச் சாப்பாடுதான் இருந்தது.

மறுநாள் காலை வேலை முடிந்து வந்ததும் மெல்லிய மேட்டை அடுக்களைத் தரையில் விரித்தாள். வீட்டிலேயே சில்லென்று இருக்கும் இடம் அது. எவ்வளவு மோசமாக இருக்கும் என்று தெரிந்துகொண்டால் மனம் தடித்ததற்கே ஒப்புக்கொள்ளும் என்று நினைத்தாள். படுத்தவள் பிற்பகலில்தான் எழுந்தாள். கண்ணாடியை வைத்து இடுப்பைப் பார்த்தாள். சிவப்பு இல்லை. விரலால் அழுத்தினால் வலி இல்லை. குளிரும் தெரியவில்லை.

இது அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒரு அங்குல விதி பொய்யாக முடியாது. எத்தனை முதுகுகளைப் பார்த்திருக்கிறாள். அப்படியானால் நடுவில் என்ன நடந்தது?

வெள்ளிக்கிழமை கணவனுக்கு வார விடுமுறை. "நான் தூங்கறதைப் பாத்து எழுதுங்க" என்றாள். இவள் வரும்போது அவன் கிளம்புவான், அவன் வரும்போது இவள் கிளம்புவாள். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் அவள் தூங்குவதை ஒரு முழுத் தூக்கம் உட்கார்ந்து பார்த்தவன் இல்லை அவன். அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு, பணிமனைத் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு உட்கார்ந்தான்.

எழுந்ததும் தாளை நீட்டினான்.

"கை கால் அசைச்சதெல்லாம் முப்பதுக்கு மேல. அதுல பாதி எழுதறதுக்குள்ளயே முடிஞ்சுடுது. முழுசாப் புரண்டது நாலு. எட்டு பத்துக்கு இடது, பத்து அஞ்சுக்கு வலது, பன்னண்டுக்கு இடது, ரெண்டுக்கு வலது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அஞ்சு நிமிஷத்துக்குமேல முன்னபின்ன இல்ல. எங்க டிரைவருங்க யாரும் இப்படி வண்டி ஓட்டறதில்ல."

"கண்ணைத் திறந்தேனா?"

"இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் 'இந்தப் பக்கம் வாங்க'ன்னு சொல்ற. ரொம்ப மரியாதையா. என்கிட்ட ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல."

அவள் சிரிக்கவில்லை. தாளையே பார்த்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வார்டில் எத்தனை பேரைப் புரட்டிப் போட்டிருக்கிறாள். அந்த ஒரு அங்குலம் புரள முடியாதவர்களுக்கு. நகராத உடம்புக்கு ஃபோம் காவல் இருக்க வேண்டும். இந்த உடம்புக்குள்ளேயே காவல் இருக்கிறது. அன்று கடையில் நின்று அவள் ஒரு நோயாளிக்கு மெத்தை தேடியிருக்கிறாள்.

அன்று வேலைக்குப் போகிற வழியிலேயே தடித்த மேட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நாத்தனார் வந்தாள். பையைத் தராசில் மாட்டினாள். ஏழு கிலோ அறுநூறு. "ம்" என்றாள். அது அவளிடம் பெரிய பாராட்டு. சீப்பைத் திரும்ப வைத்துக்கொள்ளலாமா என்று நர்ஸ் யோசித்தபோது தம்பிக்காரன் தாளை நீட்டினான். நாத்தனார் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தாள்.

"எட்டு பத்து, பத்து அஞ்சு. இது ராத்திரியா, பகலா?"

"பகல் அக்கா. அவ பகல்லதானே தூங்குவா."

"ஏண்டா, நாங்க மலையில பகல்ல படுத்துட்டு ராத்திரி டார்ச் அடிச்சுட்டா நடக்கறோம்?"

ஃபோமையும் எலும்பையும் அங்குலத்தையும் பார்த்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதுவும் நேரக் காப்பாளன் வீட்டில். லீவு நாட்களில்கூட இரவில் அவளுக்குத் தூக்கம் வந்ததில்லை. துணி மடித்து, அலமாரி துடைத்து, விடியும்வரை வீட்டுக்குள்ளேயே வார்டு பார்ப்பாள்.

"ராத்திரி உனக்குத் தூக்கம் வருமா, வராதா?" நாத்தனார் நேராகக் கேட்டாள்.

"வராது அண்ணி."

"அப்புறம் எப்படி நடப்பே?"

"பத்தொன்பது வருஷமா ராத்திரி பூரா தூங்காம நடந்துட்டுத்தான் இருக்கேன். ஒரு வார்டுக்கு முப்பத்திரண்டு கட்டில். யாரும் என்னையும் என் பையையும் இறக்கிக்கிட்டு வந்ததில்ல. மத்தியானம் நீங்கள்லாம் சாப்பிட உக்காரும்போது எனக்கு ரெண்டு மணி நேரம் விட்டுடுங்க. போதும்."

நாத்தனார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தாள். அண்ணி என்று அழைத்து அடக்கமாகக் காபி கொடுத்துவிட்டுப் போகிற தம்பி மனைவி இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம்தான். உனக்காக ஒண்ணரை. அதுக்குமேல கிடையாது" என்றாள். "புதன்கிழமை அஞ்சரைக்கு வாசல்ல நில்லு."

நர்ஸ் தலையாட்டினாள். ஆனால் அவள் கவனம் அதற்குள் வேறு எங்கோ போய்விட்டிருந்தது. தூங்குகிற உடம்பு தானாகப் புரண்டுகொள்ளும், சரி. விழித்திருக்கிற உடம்பு? ஐந்து மணி நேரம் கண் திறந்து படுத்துக் கிடந்தால் இந்த மெல்லிய மேட் என்ன சொல்லும்? அதை யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

மேட்டை எடுத்து நாத்தனாரின் காலடியிலேயே விரித்து ஒருக்களித்துப் படுத்தாள்.

"இப்ப என்னடி?"

"கொஞ்சம் இருங்க அண்ணி."

முதலில் தோள் பேசியது. அப்புறம் முட்டி. இடுப்பு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே எங்கோ ஒரு சின்ன நச்சரிப்பு ஆரம்பித்தது. வலி என்று சொல்ல முடியாது. புரள வேண்டும்போல இருந்தது. அவள் புரளவில்லை. அந்த நச்சரிப்பு எங்கே தொடங்குகிறது, தோலிலா, எலும்பிலா, அதற்கும் உள்ளேயா என்று பார்த்துக்கொண்டே கிடந்தாள். கணவன் சத்தமில்லாமல் புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தான்.