சோதனைச் சாவடியில் பாதிச் சோற்றுப் பார்சல்

யுத்தம் உச்சத்தில் இருந்த தொண்ணூறுகளில் எனக்குக் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை. சொந்த ஊர் யாழ்ப்பாணம். நகருக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வீட்டுக்கார அம்மா மலையகத்தில் தெல்தோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த நாட்களில் நாட்டு நிலைமையைவிட என் இடுப்பளவுதான் எனக்குப் பெரிய கவலை. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், "பிள்ளை கொஞ்சம் மொத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து ஆறு வருடமாக அரைப் பட்டினி. காலையில் வெறும் தேநீர், மத்தியானம் இரண்டு கிறீம் கிறேக்கர் பிஸ்கட், இரவில் அவித்த போஞ்சிக்காய். வெள்ளிக்கிழமை வந்தால் வைராக்கியம் உடைந்துவிடும். கதவைப் பூட்டிக்கொண்டு பேக்கரியில் வாங்கிய ஒரு முழுப் பாணையும் சீனிச் சம்பலோடு நின்ற நிலையில் விழுங்குவேன். பிறகு அழுவேன். திங்கட்கிழமை மறுபடியும் பட்டினி. அக்கா சோற்றுக் கோப்பையோடு வந்து நின்றால், "பசிக்கேல்லை அக்கா" என்பேன். பொய் என்று அவருக்கும் தெரியும்.

சீனிக்குப் பதிலாகத் தேநீரில் போடும் இனிப்புக் குளிசைகளை ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் கொட்டிக் கைப்பையில் வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்து விலாசம் போட்ட அடையாள அட்டையும், பெயர் ஒட்டாத மருந்துப் போத்தலும் ஒரே பையில். அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய முட்டாள்தனம் இருந்திருக்க முடியாது.

ஒருநாள் காலை சோதனைச் சாவடியில் எங்கள் பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். ஒரு பெண் பொலிஸ் அந்தப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிடிபட்டால் கடித்துச் சாகப் புலிகள் வைத்திருக்கும் சயனைட்டா என்று கேட்டு என்னைத் தனியாக நிறுத்தினார். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. மெலிவதற்கு எடுக்கிற குளிசை என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த உடம்பில் இன்னும் என்ன மெலிய இருக்கிறது என்கிற பார்வை. அந்த நிலையிலும் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கக்கேடு. ஒன்றை வாயில் போட்டுக் காட்டவா என்று கேட்டேன். அவர் போத்தலைப் பட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

குளிசையைப் பரிசோதிக்கக் கொண்டுபோனார்கள். அவர் வீட்டில் தங்கியிருப்பவள் என்று என்னைப் பொலிஸில் பதிந்த துண்டுச் சீட்டோடு வரும்படி அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மத்தியானமாகியும் ஒருவரும் வரவில்லை. இப்படிப் பிடிபட்டுப் பிறகு எங்கே என்று தெரியாமல் போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். அதையே நினைத்துக்கொண்டிருந்தவள், கண் இருட்டி, உட்கார்ந்திருந்த வாங்கிலேயே சரிந்துவிட்டேன்.

முகத்தில் தண்ணீர் தெளித்தது அதே பெண் பொலிஸ்தான். தன் சோற்றுப் பார்சலை விரித்து, பாதியைப் பிரித்து என் பக்கம் தள்ளினார். சாப்பிடு என்று சிங்களத்தில் ஒரேயொரு சொல். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பலாப்பிஞ்சுக் கறி, ஒரு கருவாட்டுத் துண்டு. அவரும் எதிரில் இருந்து ஆற அமரச் சாப்பிட்டார். அவரைப் பார்த்து நானும் மென்று சாப்பிட்டேன். இன்னும் ஒரு பிடி சோறு மிச்சமிருக்கும்போது வயிறு போதும் என்றது, கையும் நின்றுவிட்டது. ஆறு வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. அழுகையும் வரவில்லை.

துண்டுச் சீட்டும் கையுமாக ஓடிவந்த அக்கா என்னையும் பார்சலையும் மாறி மாறிப் பார்த்தார். "நா மூணு வருசமா கெஞ்சுறேன். பொலிஸு புடிச்சாத்தான் ஒனக்குச் சோறு எறங்குமா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண் பொலிஸுக்குத் தமிழ் விளங்கியதோ என்னவோ, சிரித்தார். பின்னேரம், குளிசை இனிப்புக்குத்தான் என்று தெரிந்ததும் போகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த நாளே திருந்திவிட்டேன் என்றால் அது புளுகு. பசித்தால் சாப்பிடுவது, போதுமென்றால் எழும்புவது என்ற இவ்வளவு சின்ன விஷயத்துக்கு மாதக்கணக்கில் பழக வேண்டியிருந்தது. உடம்பு கொஞ்சம் ஊதி, பிறகு தன்பாட்டில் ஓரிடத்தில் நின்றுகொண்டது. இன்றுவரை சுகமாக இருக்கிறேன். என்னைச் சந்தேகிக்க எவ்வளவோ காரணம் இருந்தும், அந்தப் பெண் அரை நாளில் என்னை நம்பிச் சோறு தந்தார். என் சொந்த வயிற்றை நம்ப எனக்கு ஆறு வருடம் பிடித்ததே என்று நினைத்தால் இப்போதும் சிரிப்போடு கொஞ்சம் வெட்கமும் வருகிறது.