பூட்டும் காத்திருப்பு அறைக் கணினியும்

உலகத்தில் சந்தேகப்படுகிறவர்களையெல்லாம் ஒரு தட்டிலும் பூட்டை மட்டும் இன்னொரு தட்டிலும் வைத்தால், பூட்டின் தட்டுதான் தரையைத் தொடும். தன் நிழல் பின்னால் வந்தால்கூட நிறுத்தி அடையாள அட்டை கேட்பவள் அவள். சரி, நிழல் விஷயம் கொஞ்சம் கைச்சரக்கு. ஆனால் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனைவரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள் என்பது சத்தியம். அதனால் வந்த பட்டப்பெயர்தான் பூட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் வழக்கொழிந்து போயிற்று.

இணையதளங்கள் செய்து கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் அவளுக்கு வேலை. அண்ணன் வீட்டில் ஜாகை. அண்ணி ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அந்த கிளினிக்கின் இணையதள வேலை, அண்ணி டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டதால் பூட்டின் கைக்கு வந்தது.

நோயாளிகள் டாக்டரைப் பார்க்கும் முன் பெயர், போன் நம்பர், உடம்புக்கு என்ன என்பதையெல்லாம் தளத்தில் நிரப்ப வேண்டும். நடுவில் கரண்ட் போனாலும், கைதவறி மூடினாலும் எழுதியது அழியக்கூடாது. அப்படியானால் அதை எங்கே வைப்பது? சண்டை இதில்தான். ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரனுக்குத் தாராளம் என்று பெயர். எதையும் யாரிடமும் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ரகம்.

"சர்வர்ல போட்டுடுவோம் பூட்டு. லாகின் பண்ணினா வரட்டும்."

"சர்வரே வாடகைக்கு எடுத்தது. சாவி யார் யார்கிட்ட இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"அப்போ குக்கியில வை."

"அது சட்டைப்பையில வச்ச சீட்டு மாதிரி. ஒவ்வொரு தடவையும் சர்வருக்குக் கூடவே போயிட்டு வரும். நடுவுல யார் எட்டிப் பார்க்கிறாங்களோ!"

"செஷன் ஸ்டோரேஜ்?"

"டேபை மூடினா போயிடும். பாதி எழுதினவங்க என்னைத்தான் வைவாங்க. லோக்கல் ஸ்டோரேஜ்தான் சரி. அவங்க பிரவுசர்லயே கிடக்கும். அவங்க பொருள் அவங்க வீட்டு அலமாரியில. நம்ம கைக்கே வராது."

"பெத்த அம்மாவையே நம்பமாட்ட. ஊர்ல இருக்கிற பிரவுசரை எல்லாம் நம்புறியா?"

"ஃபாரத்தை அனுப்பினதும் தானா துடைச்சிடற மாதிரி எழுதியிருக்கேன். போடா, உன் வேலையைப் பாரு."

தளம் ஓடியது. போனில் நிரப்பத் தெரியாதவர்களுக்காக டாக்டர் காத்திருப்பு அறையில் ஒரு பழைய கணினியை வைத்தார். அதற்குப் பிறகுதான் காற்றில் செய்தி பறக்க ஆரம்பித்தது. பாட்டு வாத்தியாருக்குத் தொடையில் படை என்று மளிகைக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. மளிகைக்கடைக்காரர் தலைக்கு மேல் வைத்திருப்பது அவருடைய சொந்த முடியல்ல என்று பாட்டு வாத்தியாரின் மாணவிகளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் கிளினிக்கில் வந்து கத்தினார்கள்.

டாக்டர் அண்ணியைக் கூப்பிட்டார். "இந்த விவரமெல்லாம் பார்க்கிறது ரெண்டே பேர். நான் வெளிய சொல்லல. இன்னொரு புகார் வந்தா நீங்க வேலைக்கு வரவேண்டாம்மா."

அன்று அண்ணி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். பூட்டு உடனே தன் தளத்தைச் சோதித்தாள். பாதி நிரப்பினாள், மூடினாள், திறந்தாள். காலி. மறுபடியும் செய்தாள். துடைத்து வைத்த பாத்திரம்போல் காலி. "என் பக்கம் சுத்தம்" என்று எழுந்தாள். மூடினாலும் அழியக்கூடாது என்றுதானே இதை எழுதினோம் என்பது அந்த அவசரத்தில் அவளுக்கு உறைக்கவே இல்லை. காலியாக இருந்ததில் ஒரு சங்கதி உண்டு. தன் பிரவுசரே தன்னை வேவு பார்க்கும் என்ற பயத்தில், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவள் எல்லாவற்றையும் பிரைவேட் விண்டோவில்தான் திறப்பாள். மூடினால் சகலத்தையும் மறந்துவிடும் விண்டோ அது. மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறவர்களுக்கு அது மூக்கில் இருப்பதே மறந்துபோகுமே, அதுபோல அவளுக்கும் மறந்துபோயிருந்தது.

தளம் சுத்தம் என்றால் மனிதர்கள் அழுக்கு. முதலில் தாராளம்: அவன் போனில் சிரித்துப் பேசுவதை எல்லாம் ஒட்டுக்கேட்டாள். அவன் தன் மாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தான். அடுத்து கணினியைப் பழுதுபார்க்க வருகிற ஆள்: அவன் வந்து மாதக்கணக்காகிறது. விலக்கிக்கொண்டே வந்தால் மிஞ்சியது வீட்டுக்குள்ளேயே இருந்தது. அண்ணிக்கு வாயும் கொஞ்சம் நீளம்தான். அண்ணி போனை எடுத்தால் பூட்டு பக்கத்து அறையில் தண்ணீர் குழாயை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள்.

"என்ன, நான் பேசறதுக்கும் பாஸ்வேர்டு போடணுமா?" என்றாள் அண்ணி.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. அந்தப் பாட்டு வாத்தியார் விஷயத்தை விளையாட்டாக்கூட யார்கிட்டயும்..."

அண்ணி போனை மேசைமேல் வைத்தாள். "டாக்டர் கேட்டாரு, வெளியாள். நீயுமா கேக்கற?" அதன்பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அண்ணன் வழியாகத்தான் வந்தது.

கையும் களவுமாகப் பிடித்தால்தான் தீரும் என்று ஒரு காலை பூட்டு சால்வையை முக்காடாகப் போட்டுக்கொண்டு, முகத்தை மறைக்கிற கறுப்புக் கண்ணாடியோடு கிளினிக்குக்குப் போனாள். அண்ணியின் மேசை தெரிகிற மூலையில் உட்கார்ந்தாள். அண்ணி யாரிடமும் வம்பளக்கவில்லை; மிஞ்சினால் ஃபேனைக் கூட்டச் சொன்னவருக்கு ஃபேனைக் கூட்டினாள். கணினியில் ஒரு கனத்த மனிதர் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"சார், உங்களை டாக்டர் கூப்பிடறார். மிச்சத்தை நான் எழுதிக்கறேன், நீங்க உள்ள போங்க" என்றாள் அண்ணி.

அவர் நல்ல மனிதர். பக்கத்தைப் பொறுப்பாக மூடிவிட்டுத்தான் எழுந்தார். பூட்டு அந்த நாற்காலிக்கு நகர்ந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வரும் என்று தளத்தைத் திறந்தாள். கனத்த மனிதரின் பெயர், நம்பர், பின்பக்கத்தில் எத்தனை நாளாக அரிப்பு என்பதுவரை பளிச்சென்று நின்றது.

முதல் வேலையாக யார் இதைத் திறந்து வைத்தார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். திறந்தது அவள்தான். பிறகுதான் உறைத்தது. அனுப்பினால்தானே துடைக்கும்? இங்கே பாதியில் எழுந்து போகிறார்கள், அனுப்புவதே இல்லை. அவங்க வீட்டு அலமாரி என்று நினைத்து வைத்தது, வழிப்போக்கர் எல்லாரும் திறக்கிற அலமாரி. பிரைவேட் விண்டோ மூடும்போதெல்லாம் அவளுக்காகத் துடைத்துத் துடைத்து ஏமாற்றியிருக்கிறது.

அன்றே எல்லாம் மாறியது. எழுதுவது சர்வருக்குப் போனது. காத்திருப்பு அறைக் கணினியில் பக்கத்தை மூடினால் எதுவும் தங்காது. டாக்டர் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டார்.

இரவுச் சாப்பாட்டில் அண்ணன் கேட்டான். "டாக்டர்கிட்ட என்னதான் சொன்ன?"

பூட்டு தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். "சால்வையை எடுத்துட்டு நேரா அவர் ரூமுக்குள்ள போனேன். கண்ணைப் பார்த்து, தப்பு என்னோடது, அண்ணி மேல ஒரு குத்தமும் இல்லன்னு சொன்னேன்."

அவள் தட்டில் பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி, ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்தடவையாக அவளிடம் வாய் திறந்தாள்.

"ரூமுக்குள்ள எங்கடி போன? கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில புகுந்து ஒயரைப் பிடுங்கிட்டு இருந்த. திருடி திருடின்னு அங்க உக்காந்திருந்த ஒரு பெரியவர் கத்தி, டாக்டர் ஓடி வந்தாரு. நீ சொன்னதெல்லாம் மேசைக்கு அடியில இருந்துதான்."